விதைக்காக வளரும் வழியோரப் பூக்கள்: பினாங்குப் பெருநிலத்துச் சிறுபண்ணை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், நிபோங் திபாலுக்கு அருகே, செம்பனைத் தோட்டம் ஒன்றின் எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஏறத்தாழ ஓர் ஏக்கர் நிலமே இந்த ஆய்வின் களம். தோட்டத்து லயத்தில் பிறந்து, தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரும் அவருடைய மனைவியும் இதை நடத்துகிறார்கள். காய்கறிக்கோ மாலை கட்டும் பூவுக்கோ அல்லாமல், வேலியோரத்திலும் வாய்க்கால் கரையிலும் தாமாக முளைத்து மடியும் பூச்செடிகளை விதை எடுப்பதற்காகவே பாத்தி கட்டி வளர்ப்பது இப்பண்ணையின் தொழில். இருவரும் தங்கள் பெயரை வெளியிட விரும்பவில்லை; ஆகவே பண்ணையாளர், அவர் மனைவி என்றே குறிப்பிடுகிறேன்.

இவ்வகைப் பண்ணையில் செடி வளர்ப்பது எளிது. தானாக முளைக்கும் செடிக்கு உரமும் மருந்தும் பெரிதாகத் தேவைப்படுவதில்லை. காய் பழுப்பதற்கும் விதை காற்றுப் புகாத புட்டிக்குள் அடைபடுவதற்கும் இடைப்பட்ட சில நாட்களில்தான் விளைச்சலின் பெரும்பகுதி நிலைக்கிறது அல்லது அழிகிறது. அந்தச் சில நாட்களை இப்பண்ணை எவ்வாறு கையாளக் கற்றது என்பதையே இங்கு விரிவாகப் பார்க்கிறேன்.

பயிர்த் தேர்வு

தொடக்கத்தில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் விதைத்தார்கள். உலாம் ராஜா, காசித்தும்பை, வாடாமல்லி, கொடிரோஜா எனப்படும் ஆண்டிகோனன், சங்குப்பூ, தும்பை, டர்னேரா ஆகியவை ஒரே நிலத்தில் கலந்து நின்றன. இவற்றுள் பல இம்மண்ணுக்குரியவை அல்ல. உலாம் ராஜாவும் டர்னேராவும் ஆண்டிகோனனும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்து சாலையோரங்களில் குடியேறியவை. ஆண்டிகோனன் பல வெப்பமண்டலத் தீவுகளில் பிற தாவரங்களை மூடிப் பரவும் கொடியாக அறியப்பட்டது. அதன் விதையை விற்பதைப் பண்ணை பின்னர் நிறுத்தியது சரியான முடிவு என்பதே என் கருத்து.

ஒவ்வொரு செடியும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு வகையில் விதையை உதிர்ப்பதால், ஏழு வகைக்கும் ஏழு விதமான கண்காணிப்புத் தேவைப்பட்டது. இரண்டு பேரால் அது முடியவில்லை. வாங்குவோர் யார் என்பதைப் பார்த்து மூன்றை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். டர்னேரா செம்பனைத் தோட்டங்களுக்கு. சங்குப்பூ வீட்டுத் தோட்டக்காரர்களுக்கும் பலகாரக்காரர்களுக்கும். பினாங்கு நியோன்யா வீடுகளில் புலுட் தாய் தாய் என்னும் பசையரிசிப் பலகாரத்துக்கு நீலநிறம் கொடுப்பது இந்தப் பூவின் சாறுதான். தும்பை, சிவபூசைக்கு வீட்டிலேயே பூ வேண்டும் என்று நினைக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு.

டர்னேராவுக்குத் தோட்டங்களில் தேவை இருப்பதன் காரணத்தைச் சற்று விளக்க வேண்டும். செம்பனை ஓலையைத் தின்று மொட்டையாக்கும் பைப்புழு மலேசியாவில் மிகப் பெரிய பூச்சித் தொல்லைகளுள் ஒன்று. 2013ஆம் ஆண்டில் அது 1976ஆம் ஆண்டுத் தாவரத் தொற்றுத்தடுப்புச் சட்டத்தின்கீழ் ஆபத்தான பூச்சியாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. பெண் பைப்புழுவுக்கு இறக்கை கிடையாது. அது தன் பைக்குள்ளேயே இருந்து முட்டையிடுகிறது. இப்புழுவின் உடலில் முட்டையிட்டு அதை அழிக்கும் சிறு குளவிகளுக்கு, வளர்ந்த பருவத்தில் தேன் உணவாக வேண்டும். டர்னேராவின் இலையடியில் உள்ள தேன்சுரப்பிகள் பூ வாடிய பின்னும் அந்த உணவைத் தருகின்றன. அதனால்தான் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் டர்னேராவையும் காசியா கோபனென்சிஸ் செடியையும் ஆண்டிகோனனையும் தோட்டச் சாலையோரங்களில் நடப் பரிந்துரைத்து வந்திருக்கிறது.

பூத்தும் காய்க்காத டர்னேரா

வெள்ளை இதழும் நடுவில் கருமையும் கொண்ட டர்னேரா சுபுலாட்டாவைப் பண்ணையாளர் ஒரு கோயில் வேலியில் இருந்த ஒரே புதரிலிருந்து கிளை வெட்டிவந்து நட்டார். ஒன்றுகூடப் பட்டுப்போகாமல் எல்லாக் கிளைகளும் வேர்விட்டன. காலையில் விரிந்து நண்பகலுக்குள் மூடிக்கொள்ளும் பூக்கள் வரிசை முழுவதும் நாள்தோறும் மலர்ந்தன. தேனீக்களும் வந்தன. ஆனால் பூ வாடியபின் காம்போடு உதிர்ந்தது, காய் பிடிக்கவில்லை. "பூவுக்குக் குறைச்சலே இல்லைங்க, காய்தான் நிக்க மாட்டேங்குது" என்று அவர் என்னிடம் சொன்னபோது, உரக்குறை என்று நினைத்து மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) போட்டுப் பார்த்திருந்தார்.

குறை உரத்தில் இல்லை. இந்த இனத்தில் இருவகைச் செடிகள் உண்டு. ஒருவகையில் சூல்முடி உயர்ந்தும் மகரந்தப்பை தாழ்ந்தும் இருக்கும். மற்றதில் சூல்முடி தாழ்ந்தும் மகரந்தப்பை உயர்ந்தும் இருக்கும். ஒரு வகையின் மகரந்தம் மற்ற வகையின் சூல்முடியில் பட்டால்தான் விதை உருவாகும். தன் வகைக்குள்ளேயே சேர்ந்தால் பெரும்பாலும் உருவாகாது. பிரிம்ரோஸ் செடிகளில் இந்த அமைப்பை டார்வின் 19ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்து விளக்கினார். ஒரே புதரின் கிளைகள் எத்தனை நூறு ஆனாலும் மரபுவழியில் ஒரே செடிதான். எனவே அவருடைய வரிசை முழுவதும் ஒரே வகையாகவே இருந்தது. தேனீ எத்தனை பூவுக்குப் போனாலும் பயனில்லை. நெருங்கிய இனமான மஞ்சள் டர்னேராவில் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் செடிகள் உண்டு என்பதால், அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது எளிதில் புலப்படுவதில்லை.

கண்டுபிடிக்க எந்தக் கருவியும் தேவையில்லை. காலையில் விரிந்த பூவை மேலிருந்து பார்த்து, குஞ்சம் போன்ற சூல்முடி மகரந்தப்பைகளுக்கு மேலே நிற்கிறதா கீழே இருக்கிறதா என்று நோக்கினால் போதும். பண்ணையாளரின் மனைவி வேறொரு தோட்டத்துச் சாலையோரத்தில் பூப் பூவாகப் பார்த்து மற்ற வகைச் செடியைக் கண்டெடுத்தார். இரண்டையும் வரிசை மாற்றி நட்டார்கள். பாத்திகளின் தலைமாட்டில் கெலுலுட் என்னும் கொட்டாத தேனீப் பெட்டிகள் இரண்டை வைத்தார்கள். பூ சில மணி நேரமே திறந்திருப்பதால், பெட்டிகளுக்கு இளவெயில் படும் இடம் முக்கியமானது. தேனீ தாமதமாகக் கிளம்பினால் பூ மூடத் தொடங்கிவிடும். அடுத்த சுற்றில் காய்கள் நின்றன.

சங்குப்பூவில் இந்தச் சிக்கல் இல்லை. அது பெரும்பாலும் மொட்டு விரியும்போதே தன் மகரந்தத்தை ஏற்றுக்கொள்வதால் மழைநாளிலும் காய்க்கும். நீலத்தையும் வெள்ளையையும் சற்று விலக்கி நட்டாலே நிறம் பெரிதும் மாறாமல் வரும்.

அறுவடையும் எறும்பும்

பண்பட்ட பயிர்களை மனிதன் பல நூறு தலைமுறைகளாகத் தெரிந்தெடுத்து, விதை செடியிலேயே நிற்குமாறு மாற்றியிருக்கிறான். நெற்கதிர் அறுவடைவரை காத்திருப்பது அதனால்தான். வழியோரச் செடிக்கு அந்தப் பழக்கம் இல்லை. விதை முற்றிய கணத்தில் அதை உதிர்ப்பதுதான் அதன் இயல்பு. அதோடு ஒரே செடியில் மொட்டும் பூவும் பச்சைக்காயும் முற்றிய காயும் ஒன்றாக இருக்கும். ஒரே நாளில் வெட்டி முடிக்கும் அறுவடை இங்கே நடக்காது. அமெரிக்க, ஐரோப்பிய காட்டுப்பூ விதைப் பண்ணைகளில் வரிசைகளுக்கு இடையே துணி விரித்து, உதிர்ந்த விதையை உறிஞ்சுபொறியால் எடுக்கும் முறை உண்டு. பண்ணையாளரும் மிளகாய்ப் பாத்திகளுக்குப் போடும் சில்வர்ஷைன் பிளாஸ்டிக்கை விரித்துப் பார்த்தார். கோடையுள்ள நாடுகளுக்கு ஏற்ற அந்த வழி இங்கு பொருந்தவில்லை. மாலை மழையில் விரிப்பின்மேல் நீர் தேங்கியது. உதிர்ந்த விதை ஊறியது. கிடந்த இடத்திலேயே முளைத்தது.

டர்னேராவில் மழைக்கு முன்பே வேறொரு கூட்டம் வந்துவிட்டது. அதன் காய் மூன்றாகப் பிளந்து விதையைத் திறந்து காட்டும். ஒவ்வொரு விதையிலும் வெண்மையான எண்ணெய்ச்சத்துள்ள சதை ஒட்டியிருக்கும். எறும்பு அதற்காகவே விதையைப் புற்றுக்குத் தூக்கிச் செல்கிறது, சதையைத் தின்றுவிட்டு விதையை விட்டுவிடுகிறது. செடிக்கு இது பரவும் வழி, பண்ணைக்கு இழப்பு. எறும்பு மருந்து போடலாம் என்ற எண்ணம் எழுந்தபோது, கெலுலுட் பெட்டிகள் பக்கத்தில் இருப்பதையும், வாங்குவோர் நன்மைசெய் பூச்சிகளுக்காகவே இச்செடியை நாடுகிறார்கள் என்பதையும் கருதி அதைக் கைவிட்டார்கள். மாறாக, காய் பச்சையிலிருந்து வெளிர்மஞ்சளாகி, பிளவுக்கோடு தெரியத் தொடங்கும் நிலையில் அதைக் கையால் பறிக்கிறார்கள். பறித்த காய் மெல்லிய வலைத்துணி மூடிய தட்டில் கிடந்து தானே பிளந்துகொள்கிறது. தட்டு வைக்கும் மேசையின் கால்கள் நீர்க்கிண்ணங்களில் நிற்கின்றன. பழைய வீடுகளில் உணவு அலமாரிக்குச் செய்ததைத்தான் விதைக்கும் செய்திருக்கிறார்கள்.

சங்குப்பூவின் காய் தட்டையானது. முற்றிக் காய்ந்ததும் வெயிலில் முறுக்கிக்கொண்டு வெடித்து விதையைத் தூரமாக எறியும். இதற்குப் பறிக்கும் நேரம்தான் மருந்து. அதிகாலையில் பனியீரத்தில் காய் நெகிழ்ந்திருக்கும்போது, பழுப்புநிறமடைந்தவற்றை மட்டும் பறித்துத் துணிப்பைக்குள் போட்டால், வெயிலேறும்போது பைக்குள்ளேயே வெடிக்கும். அதே காய்களைப் பதினொரு மணிக்குப் பறிக்கப் போனால் கைபட்டவுடன் சிதறும்.

தும்பை மூன்றிலும் பொறுமையானது. பூ உதிர்ந்தபின் நான்கு சிறு விதைகள் புல்லிவட்டக் கிண்ணத்துக்குள் அப்படியே தங்கும். தண்டின் கீழ்வளையங்கள் பழுத்து, உச்சியில் இன்னும் பூ இருக்கும் நிலையில் தண்டோடு அறுத்து, துணிப்பைக்குள் தலைகீழாகத் தொங்கவிட்டுத் தட்டினால் முற்றிய விதை உதிரும். ஆனால் நிபோங் திபால் சுற்றுவட்டத்துக் களிமண்ணில் நீர் நின்றால் தும்பை அழுகிவிடும். மேடான பாத்தி இல்லாமல் அதை வளர்க்க முடியாது.

தும்பைக்கும் சங்குப்பூவுக்கும் பொதுவான வேறொரு சிக்கல் பணத்தைப் பற்றியது. பறித்த பூ மீண்டும் காயாவதில்லை. சங்குப்பூவை அன்றன்று பறித்துக் காயவைத்து விற்றால் உடனே காசு வரும். விதைக்கு விட்டால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தும்பையில் இந்த இழுபறி இன்னும் கூர்மையானது. பினாங்கில் மழை குறைந்த காலம் ஜனவரியும் பிப்ரவரியும். விதை எடுக்க ஆண்டில் மிகச் சிறந்த வாரங்கள் அவைதாம். தைப்பூசமும் மகா சிவராத்திரியும் அந்தக் காலத்தை ஒட்டியே வருகின்றன. பூ கேட்டு ஆட்கள் வாசலுக்கு வருவதும் அப்போதுதான். கேட்டவர்களுக்கு இல்லையென்று சொல்ல அந்த அம்மாவுக்கு மனம் வரவில்லை. இறுதியில் பாத்திகளைப் பிரித்தார்கள். வீட்டருகே உள்ள பாத்திகள் பூவுக்கு; தோட்ட எல்லையில் உள்ளவை விதைக்கு, அவற்றில் யாரும் கைவைப்பதில்லை. கணக்குப் பார்த்துச் செய்த ஏற்பாடு அல்ல. ஆயினும் அது நிலைத்திருக்கிறது.

காயவைத்தல்

இந்தப் பண்ணையில் மிகப் பெரிய இழப்பு வயலில் நேரவில்லை, வீட்டுக்குள் நேர்ந்தது. முதல் சுற்று விதைகளை வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பிளாஸ்டிக் உறைகளில் கட்டி அலமாரியில் வைத்தார்கள். சில மாதங்களில் தும்பை விதையில் பூஞ்சை படர்ந்தது. டர்னேரா விதை முளைக்கவே இல்லை.

விதை தன்னைச் சூழ்ந்த காற்றோடு ஈரத்தைப் பரிமாறிக்கொண்டே இருக்கும். பினாங்கில் காற்றின் சராசரி ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியது. அந்தக் காற்றில் மாவுச்சத்து மிகுந்த விதை ஏறத்தாழ 15 விழுக்காடு ஈரத்தோடு சமநிலை அடையும். எண்ணெய்ச்சத்து மிகுந்தது அதைவிடக் குறைவான ஈரத்தில் நிற்கும். வெயில் உள்ள நண்பகலில் காற்று சற்று உலரும்போது விதையும் உலரும். இரவில் 90 விழுக்காட்டைத் தாண்டும் காற்றில் பகலில் இழந்த ஈரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். முற்றத்தில் பல நாட்கள் தொடர்ந்து காய்ந்த விதை, உண்மையில் ஒவ்வொரு நாளும் அதே இடத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. காற்றின் ஈரம் ஏறத்தாழ 65 விழுக்காட்டுக்குக் கீழே வந்தால்தான் சேமிப்பில் பூஞ்சை பெரும்பாலும் அடங்கும். வெறும் வெயிலை நம்பி இந்த ஊரில் நீண்டகாலச் சேமிப்புக்குரிய விதையைப் பெற இயலாது என்றே நான் கருதுகிறேன். துத்தநாகத் தகட்டின்மேல் பரப்புவது இன்னும் மோசம். ஈரமான விதை 40 பாகைக்கு மேல் சூடேறினால் கரு கெடத் தொடங்கும், அந்தத் தகடோ நண்பகலில் அதைவிட வெகு சூடாகிவிடும்.

இப்போது பின்பற்றும் முறை இரண்டு கட்டமானது. பறித்ததைக் கூரைநிழலில், காற்றோட்டத்தில், வலைத்தட்டுகளில் பரப்புகிறார்கள். பிற்பகல் மூன்று மணிவாக்கில், காற்று மிக உலர்ந்திருக்கும் நேரத்திலேயே, விதையை எடுத்து மூடிக்குள் ரப்பர் வளையம் உள்ள கண்ணாடிப் புட்டிகளில் அடைக்கிறார்கள். மாலைவரை விட்டுவைப்பதில்லை. புட்டிக்குள், விதையின் எடைக்குச் சமமான அளவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் துணிப்பையில் கிடக்கும். ஜெல் நிறம் மாறியதும் அதை அடுப்பில் சூடாக்கி உலர்த்தி மறுபடி பயன்படுத்துகிறார்கள். ஜெல் தீர்ந்துபோன ஒரு சமயம், பொன்னிறமாக வறுத்து ஆறவைத்த அரிசியை அதற்கு மாற்றாக வைத்தார்கள். அதுவும் ஓரளவு வேலை செய்யும்.

ஈரம் தெரிந்துகொள்ள விலையுயர்ந்த கருவி இல்லாதவர்களுக்கு உப்புச் சோதனை போதுமானது. உலர்ந்த உப்புத்தூளை விதையோடு ஒரு புட்டியில் இட்டுக் குலுக்கிச் சற்று வைத்தால், புட்டிக்குள் காற்றின் ஈரம் 75 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்போது உப்பு கசிந்து கண்ணாடியில் ஒட்டும். ஒட்டாமல் உதிர்ந்தால் அந்த எல்லைக்குக் கீழே வந்துவிட்டது என்று பொருள். சேமிப்புக்கு அது போதாது, ஆனால் தவறான புட்டியை உடனே காட்டிக்கொடுக்கும்.

ஹாரிங்டன் என்ற அறிஞர் வகுத்த தோராய விதி ஒன்று உண்டு: விதையின் ஈரம் ஒரு விழுக்காடு குறையும்போதும், சேமிப்பு வெப்பம் 5 பாகை குறையும்போதும் விதையின் ஆயுள் இருமடங்காகும். இது 5 முதல் 14 விழுக்காடு ஈரம்வரைக்கும் பொருந்துவதாகக் கொள்ளப்படுகிறது. அந்தக் கணக்கில் 14 விழுக்காட்டிலிருந்து 8க்கு வந்தாலே ஆயுள் 64 மடங்காகிறது. எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை. திசையைக் காட்ட அது போதும். இங்கிலாந்தில் கியூ தாவரவியல் நிறுவனத்தின் மில்லேனியம் விதை வங்கி 15 விழுக்காடு ஒப்பு ஈரப்பதமும் 15 பாகை வெப்பமும் உள்ள அறையில் விதையை உலர்த்தி, உறைநிலைக்கு 20 பாகை கீழே சேமிக்கிறது. இப்பண்ணையில் இருப்பது சிலிக்கா ஜெல்லும் வீட்டுக் குளிர்ப்பெட்டியின் அடித்தட்டும்தான். ஓரிரு ஆண்டுகளுக்குள் விற்றுத் தீரும் விதைக்கு அதற்குமேல் தேவையுமில்லை.

சங்குப்பூவுக்கு இதில் ஒரு விலக்கு உண்டு. பயறுவகைக் குடும்பத்து விதையாதலால், உலர உலர அதன் தோல் நீர்புகாத அளவுக்கு இறுகும். நன்றாக உலர்த்திய விதை முளைக்கவில்லை என்று ஒருவர் குறைசொன்னார். அந்த விதை உறங்கிக்கொண்டுதான் இருந்தது. உப்புத்தாளில் தோலை லேசாகத் தேய்த்தோ, ஏறத்தாழ 80 பாகைச் சூட்டு நீரை ஊற்றி ஆறும்வரை ஊறவைத்தோ விதைத்தால் முளைக்கும். இந்தக் குறிப்பைத் தமிழிலும் மலாயிலும் அச்சிட்டு ஒவ்வொரு உறைக்குள்ளும் வைக்கிறார்கள்.

தூய்மையும் விலையும்

ஒரு நாற்றுப்பண்ணை வாங்கிய தும்பை விதையில் ரும்புட் இஸ்ரேல் எனப்படும் அசிஸ்தாசியா கலந்திருந்ததால் முழுத் தொகுதியையும் திருப்பி அனுப்பியது. செம்பனைத் தோட்டக்காரர்கள் மிகவும் வெறுக்கும் களைகளுள் அது ஒன்று; அதன் காயும் வெடித்து விதையைச் சில மீட்டர் தூரம் எறியும். முறத்தில் புடைத்தால் சருகும் பதரும் போகின்றன, களைவிதை போவதில்லை. சல்லடையில் பெரும்பகுதி பிரிந்தாலும் சிறுத்த சில விதைகள் தும்பையோடு தங்கிவிடுகின்றன. விதையைச் சுத்தம் செய்வது வயலில், களை பூக்கும் முன்பே தொடங்கவேண்டியது. இப்போது வரப்பு உட்பட எங்கு அசிஸ்தாசியா தென்பட்டாலும் மொட்டுக்கு முன் பிடுங்குகிறார்கள்.

விலையை எடைக்கு வைப்பதைவிட, தூய்மையையும் முளைப்பையும் பெருக்கி வரும் உயிர்ப்புள்ள விதைக்கு வைக்குமாறு நான் பரிந்துரைத்தேன். 90 விழுக்காடு தூய்மையும் 60 விழுக்காடு முளைப்பும் உள்ள ஒரு கிலோவில் பயனாகும் விதை 540 கிராம் மட்டுமே. ஈரத்தாளில் நூறு விதை பரப்பி எண்ணினால் முளைப்பு தெரிந்துவிடும். சில்லறை வாடிக்கையாளர்களுக்கு இந்தக் கணக்குப் பிடிபடவில்லை; உறையில் முளைப்பு விழுக்காட்டையும் பரிசோதித்த மாதத்தையும் எழுதுவதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

டர்னேரா விதையின் சந்தை எதிர்பார்த்ததைவிடச் சிறியது என்பதையும் சொல்ல வேண்டும். கிளை நட்டாலே வேர்விடும் செடிக்குத் தோட்டக் கிராணிகள் விதை வாங்குவது அரிது. ஆகவே பண்ணையாளர் இப்போது விதையைத் தாமே முளைக்கவைத்துப் பாலிபேக் நாற்றாக விற்கிறார். இருவகையும் கலந்து பிறந்த விதையில் ஏறத்தாழப் பாதி ஒரு வகையாகவும் பாதி மற்ற வகையாகவும் முளைக்கும் என்பதால், அந்த நாற்றுகள் நட்ட இடத்தில் தாமே காய்த்துப் பரவும். பரவுவதை விரும்பாத தோட்டங்களுக்கு, அந்தக் கோயில் வேலியிலிருந்து வந்த ஒற்றை வகையின் கிளைகளைக் கொடுக்கிறார். அவை தேனும் பூவும் தரும், விதை ஏறக்குறைய விழாது. தோட்டத்தில் வேறு டர்னேரா ஏற்கெனவே நிற்கிறதா என்று பார்த்துவிட்டே எதைக் கொடுப்பது என்று முடிவெடுக்கிறார்; மற்ற வகை ஒன்று பக்கத்தில் இருந்தாலும் அந்த ஏற்பாடு பலிக்காது.